வெளியூரில் இருந்தபடி வீட்டுக் கம்ப்யூட்டரில் வேலை: டெயில்ஸ்கேல் பற்றி ஒரு காலண்டர் டிசைனரின் விமர்சனம்

சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்பவள் நான். திருத்தங்கலில் எங்கள் வீட்டு மாடிதான் என் ஆபீஸ். ஆடி 18 அன்று அடுத்த வருடத்துக்கான ஆல்பம் (மாதிரிக் காலண்டர்களின் தொகுப்பு) போடுவது எங்கள் ஊர் வழக்கம். அதிலிருந்து மார்கழி வரைக்கும் ஆர்டர் பிடிக்கவும் ப்ரூஃப் காட்டவும் மதுரை, நாகர்கோவில், கும்பகோணம் என்று ஓடிக்கொண்டே இருப்பேன். ஓடுகிற ஓட்டத்தில் மாடியில் இருக்கும் கம்ப்யூட்டரைத் திறந்து வேலை பார்த்தாக வேண்டும். அதற்கு நான் நம்பி இருப்பது டெயில்ஸ்கேல், எங்கே இருந்தாலும் நம் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு ஆப். வீட்டுக் கம்ப்யூட்டரை வெளியிலிருந்து பயன்படுத்த நினைக்கும் சிறு தொழில்காரர்களுக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. ஏன் என்றும், எங்கெங்கே கவனமாக இருக்க வேண்டும் என்றும் விரிவாகவே எழுதுகிறேன்.

"ஃபைலை கூகுள் டிரைவில் போட்டு வைத்தால் போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. தினசரி காலண்டர் தாள்கள் கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் இருக்கின்றன. பழைய வாடிக்கையாளர்களின் பஞ்சாங்கப் பக்கங்கள் இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில்தான். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, வந்தது 2001-இல். எல்லா கம்ப்யூட்டரிலும் தமிழை ஒரேபோல் காட்டும் யூனிகோடு முறை அதற்குத் தெரியாது. அதில் இருக்கும் தமிழ் முழுவதும் அந்தக் காலத்து எழுத்துருக்களில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால், 'எமகண்டம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கலந்து கிடக்கும். அதில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்த முடியாது. எழுத்துரு, பழைய சாஃப்ட்வேர், வருடக்கணக்கில் சேர்த்த சாமி படங்கள், ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் தனித்தனியாகப் போட்டு வைத்த அளவுகள் எல்லாம் அந்த ஒரு மிஷினில் இருக்கின்றன. ஃபைலை மட்டும் கையோடு எடுத்துப்போய் என்ன செய்வது? மிஷினே வேண்டும்.

இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. வீட்டு ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு, வெளியிலிருந்து வருகிற இணைப்பை நேராக கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடுவது. தூரத்துக் கம்ப்யூட்டரின் திரையை நம் திரையில் கொண்டுவரும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389-ஆம் போர்ட், அதாவது அந்த வேலைக்கான வாசல் எண். ரௌட்டர் முகவரி அடிக்கடி மாறும் என்பதால், அது மாறினாலும் மாறாத ஒரு டைனமிக் டிஎன்எஸ் பெயரும் வேண்டும். யூடியூபில் இன்றைக்கும் பலர் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். இரண்டு காரணங்களுக்காக இதை விட்டுவிடுங்கள் என்பேன்.

முதல் காரணம், நம்மில் பலருக்கு அது நடக்கவே நடக்காது. எங்கள் பிராட்பேண்ட் லைன் பார்க்கும் தம்பியிடம் கேட்டேன். "அக்கா, உங்க லைனுக்குன்னு தனி ஐபி கிடையாது. வேணும்னா பிசினஸ் பிளானுக்கு மாறணும், மாசம் கூட ஆகும்" என்றார். அவர் சொன்னது உண்மை, நாடு முழுக்க இதே நிலைதான். ஐபி முகவரி என்பது இணையத்தில் ஒரு இணைப்பைக் காட்டும் எண். பழைய வகை (ஐபிவி4) ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசியப் பகுதிக்கான கையிருப்பு அதே வருடம் ஏப்ரலில் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை வைக்கின்றன. திருவல்லிக்கேணி மேன்ஷனுக்கு வாசலில் ஒரே கதவு எண், உள்ளே நூறு அறை என்பதுபோல. உள்ளே இருப்பவர் வெளியே போய்வரலாம். வெளியிலிருந்து வருபவருக்கு எந்த அறை என்று தெரியாது. இதைச் சிஜிநாட் என்கிறார்கள். உங்கள் வீட்டிலும் இதுதானா என்று பார்ப்பது சுலபம். ரௌட்டர் பக்கத்தில் 'வான் ஐபி' என்று காட்டும் எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் சிஜிநாட்தான். அந்த வரிசையை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். நம் ரௌட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும், மேலே நிறுவனத்தின் கருவி திறக்காது.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. தனி ஐபி கிடைத்தாலும் 3389-ஐ உலகத்துக்குத் திறந்து வைக்கக் கூடாது. 'நம்ம வீட்டு கம்ப்யூட்டரை யார் தேடி வரப்போறா' என்ற நினைப்பு தவறு. மனிதர் யாரும் தேட வேண்டியதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2013-இல் செய்த ஸீமேப் என்ற கருவி, நல்ல வேகமான ஒரே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து உலகின் பழைய ஐபி முகவரிகள் அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். திறந்திருக்கும் போர்ட் எங்கே இருந்தாலும் கண்ணில் படும். 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற ஓட்டை வெளியானது. பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே புகலாம் என்கிற அளவுக்குக் கடுமையானது. 2014-இலேயே ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அதற்காகத் திரும்ப வந்து திருத்தம் கொடுத்தது. பழைய விண்டோஸ் ஓடும் பிரஸ்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. அச்சுக்கான பிளேட் போடும் மிஷினுக்கான சாஃப்ட்வேர் புதியதில் ஓடாது என்பதால் அப்படியே வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு கம்ப்யூட்டரை யாராவது வெளியுலகுக்குத் திறந்து வைக்கச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ஒரு ரேன்சம்வேர் புகுந்தால் ஒரு வருடத்து ஆல்பம் போய்விடும்.

சரி, டெயில்ஸ்கேல் என்ன செய்கிறது?

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, போனில் ஒன்று என்று அந்த ஆப்பைப் போட்டு, எல்லாவற்றிலும் ஒரே கணக்கில் நுழைகிறோம். அவ்வளவுதான் செட்டிங். தனியாகப் பாஸ்வேர்ட் எதுவும் அது வைத்துக்கொள்வதில்லை. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், கிட்ஹப் கணக்குகளில் ஒன்றை வைத்து நுழையலாம். நுழைந்ததும் ஒவ்வொரு கருவிக்கும் 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கிறது. நான் கும்பகோணத்தில் இருந்தாலும் சரி, நாகர்கோவில் பஸ்ஸில் இருந்தாலும் சரி, அந்த முகவரி மாறாது. எண்ணை மனப்பாடம் செய்யவும் வேண்டாம். என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 'மாடி' என்று பெயர் வைத்திருக்கிறேன். லேப்டாப்பில் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து அந்தப் பெயரை அடித்தால் மாடி திரையில் வந்து நிற்கும். ரௌட்டரைத் தொடவே இல்லை. பிராட்பேண்ட் தம்பிக்கு அதன்பின் நான் போன் செய்யவும் இல்லை.

இது எப்படி முடிகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இருந்தது. தெரிந்த பிறகு நம்பிக்கை கூடியது. வெளியே போகும் போக்குவரத்துக்குப் பதில் வந்தால் எந்த ரௌட்டரும், எந்தச் சிஜிநாட்டும் அதை உள்ளே விடும். டெயில்ஸ்கேல் இதைப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் இருக்கும் அதன் சர்வர், என் லேப்டாப்புக்கும் மாடிக்கும் 'அவர் வெளியில் இந்த எண்ணில் தெரிகிறார்' என்று சொல்லிவிடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெளியே பேசத் தொடங்குகின்றன. இரு பக்க ரௌட்டர்களும் வருவதைப் பதில் என்று எடுத்துக்கொண்டு உள்ளே விடுகின்றன. அதன்பின் பேச்சு நேருக்கு நேர், நடுவில் யாரும் இல்லை. உலகத்துக்கு என்று எந்த போர்ட்டும் திறக்கப்படவில்லை. ஸீமேப் வந்து தட்டினாலும் என் வீட்டில் பதில் சொல்ல ஆள் கிடையாது.

சில இடங்களில் அந்த நேர்ப்பாதை அமையாது. ஹோட்டல் வைஃபை, சில காலேஜ் நெட்வொர்க் எல்லாம் அப்படி இறுக்கமாக இருக்கும். அப்போது நிறுவனத்தின் இடைநிலை சர்வர்கள் வழியாகப் போகும். பெங்களூரில் ஒன்று இருப்பதால் நம் பக்கத்துக்கு அது பெரிய தொந்தரவு இல்லை, வேகம் மட்டும் குறையும். அந்த வழியில் போனாலும் தகவல் பூட்டியே (என்கிரிப்ட் ஆகியே) போகும், பூட்டு திறப்பது இரண்டு முனையில் மட்டுமே. நடுவில் இருப்பவரால் படிக்க முடியாது. நேர்ப்பாதையா இடைநிலையா என்று பார்க்க 'டெயில்ஸ்கேல் ஸ்டேட்டஸ்' என்ற கமாண்ட் இருக்கிறது. மெதுவாக இருக்கிறதே என்று தோன்றினால் முதலில் அதைப் பாருங்கள். ஹோட்டல் வைஃபையை விட்டுவிட்டு போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினாலே பல நேரம் சரியாகிவிடும்.

உள்ளே பூட்டு போடும் வேலையைச் செய்வது வயர்கார்ட் என்ற மென்பொருள். ஜேசன் டோனன்ஃபெல்ட் என்பவர் எழுதியது. மொத்தமே சில ஆயிரம் வரி என்பதால் நிபுணர்கள் உட்கார்ந்து முழுதாகப் படித்துப் பார்க்க முடிந்தது. 2020 மார்ச்சில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே, 5.6 பதிப்பில், சேர்த்துக்கொண்டார்கள். வயர்கார்டைத் தனியாகவே போட்டுக்கொள்ளலாம், செலவும் இல்லை. ஆனால் ஒரு முனையிலாவது வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி வேண்டும். ஒவ்வொரு கருவியின் சாவியையும் நாமே மற்ற கருவிகளில் எழுதி வைக்க வேண்டும். டெயில்ஸ்கேல் அந்தச் சாவி பரிமாற்றத்தையும் வழி கண்டுபிடிப்பதையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறது. கனடாவில் 2019-இல் தொடங்கிய நிறுவனம் அது. சாவியின் ரகசியப் பாதி கருவியை விட்டு வெளியே போவதில்லை.

வேலையில் எப்படி என்று சொல்கிறேன். நாகர்கோவிலில் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி. தினசரி காலண்டர், அட்டையில் முருகன், கீழே கடைப் பெயர், முகவரி, போன் நம்பர். எல்லாம் பார்த்து ஓகே சொன்னவர், நான் கிளம்பும் நேரத்தில் "ஏம்மா, கடை நம்பர் மாறிடுச்சே, பிளேட் போட்டாச்சா?" என்றார். அன்று ராத்திரி பிளேட்டுக்குப் போக வேண்டிய வேலை. கடையிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். போன் ஹாட்ஸ்பாட்தான். மாடிக்குள் போய், கோரல்டிராவில் நம்பரை மாற்றி, பிடிஎஃப் எடுத்து, பிரஸ்ஸுக்கான ஃபோல்டரில் போட்டேன். மாற்றிய நம்பரை அண்ணாச்சியே திரையில் ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். 200 எம்பிக்கு மேல் இருந்த அந்த பிடிஎஃப் என் போன் டேட்டாவில் இறங்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது வீட்டில் உருவாகி, வீட்டு ஃபைபர் வழியாக பிரஸ்ஸுக்குப் போனது. எனக்கு வந்தது திரையின் படம் மட்டும். சிக்னல் சுமாராக இருக்கும் ஊரில்கூட வேலை ஓடுவதற்கு இதுதான் காரணம்.

ஒரு விஷயத்தில் இதை நம்பாதீர்கள்: கலர். ரிமோட் டெஸ்க்டாப் திரையின் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. லேப்டாப் திரைக்கும் என் வீட்டு மானிட்டருக்கும் சிவப்பே வேறு வேறு. அம்மன் புடவையின் அரக்கு சரியாக வந்திருக்கிறதா என்பதை வெளியூரில் உட்கார்ந்து தீர்மானிக்க மாட்டேன். எழுத்து, எண், இடம் மாற்றுவது, ஃபைல் அனுப்புவது இதெல்லாம் தாராளமாகச் செய்யலாம். கலருக்கு வீட்டுக்கு வர வேண்டும், அல்லது பிரஸ்ஸில் தாள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

போனிலிருந்தும் முயலலாம். மைக்ரோசாஃப்டின் ஆப் வழியாக மாடி அப்படியே போனில் வரும். ஆனால் அந்தச் சின்னத் திரையில் கோரல்டிராவைப் பிடித்து இழுப்பது கண்ணுக்குத் தண்டனை. அவசரத்துக்கு ஒரு ஃபைல் எடுக்க மட்டும் சரி. ஒரே கணக்கில் இருக்கும் கருவிகளுக்கு இடையே ஃபைல் அனுப்ப டெயில்டிராப் என்று ஒன்றும் உள்ளேயே இருக்கிறது. போனில் எடுத்த கடை போர்டு போட்டோவை வீட்டுக்கு அனுப்ப நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். வாட்ஸ்அப்போல படத்தைச் சுருக்கிக் கெடுக்காது.

இப்போது, கிளம்புவதற்கு முன் வீட்டில் செய்து வைக்க வேண்டியவை. நம் ஊர் நிலைமைக்கு இதுதான் முக்கியம், நிறுவனத்தின் விளக்கங்களில் இதெல்லாம் சிதறிக் கிடக்கும்.

விண்டோஸ் ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து வரும் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்கும் வசதி கிடையாது, புரோ வேண்டும். தினமும் நுழைய நான்கு எண் பின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அந்தப் பின் இங்கே செல்லாது, கணக்கின் முழு பாஸ்வேர்ட் வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கை விண்டோஸ் வெளியிலிருந்து உள்ளே விடாது, அது நல்லதுதான். கம்ப்யூட்டர் தூங்கப் போகாதபடி பவர் செட்டிங்கை மாற்ற வேண்டும். மானிட்டர் அணையலாம், மிஷின் தூங்கக் கூடாது.

அப்புறம் கரண்ட். மாதாந்திர பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மதியம் தாண்டித்தான் வரும். யூபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. மிஷின் அணைந்துவிடும், கரண்ட் வந்த பிறகும் யாராவது பட்டனை அமுக்கும்வரை அப்படியே கிடக்கும். மிஷின் எழும்போதே திறக்கக்கூடிய பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்குக்குள் போனால், கரண்ட் திரும்பினால் தானாக எழுந்துகொள் என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள். அதோடு முடியவில்லை. மிஷின் எழுந்தாலும், யாரும் உள்ளே நுழையாமல் விண்டோஸ் வாசலில் நிற்கும். அந்த நிலையில் டெயில்ஸ்கேல் சாதாரணமாக இணைப்பில் இருக்காது. அதன் மெனுவில் 'ரன் அன்அட்டெண்டட்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை டிக் செய்தால்தான் ஆள் இல்லாமலும் இணைந்து நிற்கும். விண்டோஸ் ராத்திரியில் தானாக அப்டேட் செய்து ரீஸ்டார்ட் ஆகும் நாளுக்கும் இதுதான் காப்பு. வெளியூர் போகுமுன் ஒரு தடவை, மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு, யாரும் தொடாமல், போன் டேட்டாவிலிருந்து உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். அந்தச் சோதனை தேறினால் நிம்மதியாகப் பஸ் ஏறலாம்.

நாள் முழுக்க மிஷின் ஓட வேண்டாம், வேண்டும்போது மட்டும் எழுப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு: நெட்வொர்க் வழியாக மிஷினை எழுப்பும் வேக்-ஆன்-லேன் என்ற முறை இருக்கிறது, ஆனால் அணைந்து கிடக்கும் மிஷினில் டெயில்ஸ்கேலும் அணைந்துதான் இருக்கும். எழுப்பும் அழைப்பு வீட்டு நெட்வொர்க்குக்குள்ளிருந்துதான் போக வேண்டும். நான் 'ராஸ்பெரி பை' என்ற ஒரு சின்னக் கம்ப்யூட்டரை ரௌட்டர் பக்கத்தில் வைத்திருக்கிறேன், கையகல போர்டு. அது எப்போதும் விழித்திருக்கும். வெளியிலிருந்து அதற்குள் போய் ஒரு கமாண்ட் கொடுத்தால் அது மாடியை எழுப்பும். மின்கட்டணத்தில் இதன் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. ரௌட்டரும் பையும் ஒரு சிறிய யூபிஎஸ்ஸில் ஓடுகின்றன.

இனி டெயில்ஸ்கேலில் எனக்குப் பிடிக்காதவை.

ஒவ்வொரு கருவியின் சாவியும் 180 நாளில் காலாவதியாகும் என்பதுதான் அவர்கள் வைத்திருக்கும் வழக்கம். லேப்டாப், போனுக்கு இது நல்ல பாதுகாப்பு. தொலைந்துபோன போன் என்றென்றைக்கும் உள்ளே நுழைந்துகொண்டிருக்காது. ஆனால் ஆள் இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது பொருந்தாது. நாம் வெளியூரில் இருக்கும் நாளில் காலாவதியானால் வீட்டில் யாராவது உட்கார்ந்து மறுபடி நுழைய வேண்டும். நிர்வாகப் பக்கத்தில் அந்த ஒரு மிஷினுக்கு மட்டும் காலாவதியை நிறுத்திவைக்கலாம். ஒரு கருவியைச் சேர்க்கும்போதே 'இது வீட்டிலேயே இருக்கப் போவதா, கையோடு வருவதா' என்று கேட்டு அதற்கேற்ப முடிவு செய்திருக்கலாம். கேட்பதில்லை. நாமே தேடிப் போய் மாற்ற வேண்டும்.

அடுத்தது, எல்லாம் ஒரு கூகுள் கணக்கில் தொங்குகிறது. அந்தக் கணக்கு யார் கையிலாவது போனால் மாடியின் வாசல்வரை வந்துவிடுவார்கள். அதனால் அந்தக் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். கூடவே, புதிய கருவி எது சேர்ந்தாலும் நான் ஒப்புதல் கொடுத்த பிறகே உள்ளே வரும்படி ஒரு தேர்வு இருக்கிறது, அதையும் போட்டிருக்கிறேன். இதெல்லாம் போட்ட பிறகும் விண்டோஸ் பாஸ்வேர்ட் தனியாக நிற்கிறது. இரண்டு பூட்டும் ஒரே சாவியில் திறக்கக் கூடாது என்பதால் அதை வேறாக வைத்திருக்கிறேன்.

நடுவில் ஒரு கம்பெனியின் சர்வரை நம்ப வேண்டியிருக்கிறதே என்று சிலர் தயங்குவார்கள். நியாயமான தயக்கம். யார் யாரோடு பேசலாம் என்ற பட்டியல் அவர்களிடம்தான் இருக்கிறது. நம் அனுமதி இல்லாமல் அவர்களாலும் ஒரு கருவியை நுழைக்க முடியாதபடி 'டெயில்நெட் லாக்' என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அந்த சர்வரையும் நாமே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் ஹெட்ஸ்கேல் என்ற திறமூல மென்பொருள் உண்டு. ஆனால் அதை நிறுவ, பொது முகவரியுள்ள ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, நாமே பராமரிக்க வேண்டும். சீசன் நேரத்தில் எனக்கு அதற்குப் பொழுது கிடையாது.

டெயில்ஸ்கேலும் ஒரு விபிஎன்தான், அதாவது இணையத்துக்குள் பூட்டிய தனிப் பாதை போடும் ஆப். ஆண்ட்ராய்டு போனில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். வேறு விபிஎன் வைத்திருப்பவர்கள் மாற்றி மாற்றிப் போட வேண்டும். அப்புறம் இதில் தமிழ் இல்லை, எல்லாம் ஆங்கிலம்தான். பிரஸ்ஸில் பிளேட் போடும் தம்பிக்கு இதைச் சொல்லிக் கொடுக்க நான் ஒரு தாளில் படம் வரைந்து கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தத் தம்பி பற்றிச் சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் உதவியது அதுதான். முன்பெல்லாம் முடிந்த பிடிஎஃப்பை பென்டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்புவோம். பிரஸ் பிரஸ்ஸாகச் சுற்றும் பென்டிரைவில் வைரஸ் இல்லாத நாளே கிடையாது. இப்போது மாடியில் ஒரு ஃபோல்டர் மட்டும் அவருக்கு. டெயில்ஸ்கேலில் ஒரு கருவியை மட்டும் வேறொருவர் கணக்கோடு பகிர்ந்துகொள்ளலாம். என் போனோ லேப்டாப்போ அவர் கண்ணில் படாது. விதிகள் எழுதும் பக்கத்தில், அவர் மாடிக்கு வந்தாலும் ஃபைல் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட் தவிர வேறெதையும் தொட முடியாது என்று எழுதி வைத்திருக்கிறேன். அதனால் ரிமோட் டெஸ்க்டாப் அவருக்கு இல்லை. விண்டோஸிலும் அவருக்குத் தனிக் கணக்கு, அந்த ஃபோல்டரைப் படிக்க மட்டும் உரிமை. அவர் மேல் சந்தேகம் இருந்து இதைச் செய்யவில்லை. பிரஸ் கம்ப்யூட்டரில் பத்துப் பேர் கை வைப்பார்கள். அங்கே ஏதாவது புகுந்தால் அது என் மாடிக்கு ஏறிவரக் கூடாது. இந்த விதிகளை எழுதும் முறை புரோகிராம் எழுதுவதுபோல அடைப்புக்குறியும் மேற்கோள்குறியுமாக இருக்கும். பொறுமையாகப் படித்தால் பிடிபடும். இதை எழுதாமல் விட்டால் உங்கள் கருவிகள் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் எல்லா போர்ட்டிலும் எட்டலாம் என்பதே தொடக்க நிலை.

மற்ற வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எப்போதாவது ஒரு தடவை வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போதும். விண்டோஸ் ஹோமிலும் ஓடும், இலவசம். திரையைப் பகிரும் வேறு ஆப்களும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2019 பிப்ரவரியில், எனிடெஸ்க் ஆப்பைப் போடச் சொல்லி, போனைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்து பணம் எடுக்கும் மோசடி நடக்கிறது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது. ஆப்பின் குற்றம் அல்ல அது, ஆனால் போனில் ஒருவர் சொல்லும் எண்ணை வைத்து உள்ளே விடும் முறையில் அந்த ஆபத்து எப்போதும் உண்டு. அம்மா அப்பா போனில் அப்படி எதையும் போட்டு வைக்காதீர்கள். வீட்டில் ஓடும் ஒரு வெப்சைட்டை மட்டும் வெளியே காட்ட வேண்டும் என்றால் கிளவுட்ஃபிளேர் டனல் நல்லது, சொந்த டொமைன் பெயர் ஒன்று வேண்டும்.

வெப்சைட் காட்டும் வேலைக்கு டெயில்ஸ்கேலிலேயே ஃபனல் என்று ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளரை 'இந்த ஆப்பைப் போடுங்க' என்று சொல்ல முடியாது இல்லையா? சாம்பிள் ஆல்பத்தை ஒரு சாதாரண வெப் பக்கமாக ராஸ்பெரி பையில் வைத்திருக்கிறேன். ஃபனலைத் திறந்தால் ஒரு இணைய முகவரி வரும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாரும் பார்க்கலாம். யாரும் என்றால் உண்மையிலேயே யாரும். ஃபனல் உலகத்துக்குத் திறப்பது, இதுவரை சொன்ன மற்றதெல்லாம் நமக்குள் மட்டும் திறப்பது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஃபனலைத் தொட வேண்டாம். கணக்கு ஃபைல், ஜிஎஸ்டி பில் எதுவும் அந்தப் பையில் இல்லை. இன்னொன்று, அந்த முகவரிக்குச் சான்றிதழ் வாங்கும்போது கருவியின் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும், பிறகு அழிக்க முடியாது. அதனால் கருவிக்குச் சொந்தப் பெயரோ கடைப் பெயரோ வைக்காதீர்கள்.

காசு விஷயம்: தனிநபர் திட்டம் இலவசம். நான் சேர்ந்தபோது மூன்று பேர், நூறு கருவி வரை என்று இருந்தது. என்னிடம் இருப்பது மாடி, லேப்டாப், போன், பை ஆகியவைதான். இரண்டு மூன்று டிசைனர்களை வேலைக்கு வைத்து நடத்துபவர்கள் கட்டணத் திட்டத்தைப் பார்ப்பது முறை, அது ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கணக்கு. சேருவதற்கு முன் ரௌட்டரில் பழைய போர்ட் ஃபார்வர்டிங் ஏதாவது போட்டிருந்தால் முதலில் அதை நீக்குங்கள், ஆப்கள் தாமாகவே போர்ட்டைத் திறக்க விடும் யூபிஎன்பி என்ற தேர்வையும் அணையுங்கள். டெயில்ஸ்கேலுக்கு அவை இரண்டும் கட்டாயம் இல்லை.